கமாவுக்கும் கமாவுக்கும் நடுவில்



இரண்டாம் ஆண்டு லேபில் நான் எழுதிய ப்ரோகிராம், கூடப் படிக்கும் ஒருவனை ஆப்சென்ட் ஆக்கிவிட்டது. உண்மையில் அவன் வராதது இரண்டாவது தேர்வுக்கு. என் ப்ரோகிராமோ மூன்றாவது தேர்வில் அவன் வாங்கிய 41-ஐத் தூக்கி இரண்டாவதில் போட்டுவிட்டு, மூன்றாவதுக்கு ஆளே வரவில்லை என்றது. மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. ஏன் இப்படி ஆனது என்று தேடியபோது கிடைத்த கதைதான் இந்தப் பதிவு.

ஒரு ஸ்ட்ரிங்கைத் துண்டு துண்டாக வெட்டுவதில் என்ன பெரிய வரலாறு என்று கேட்பீர்கள். இரண்டு கமா அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஒன்றுமே இல்லையா, இல்லை காலியாக ஒரு கட்டம் இருக்கிறதா? சண்டையே இதில்தான்.

1977-ல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய 'ஆக்' (மூவர் பெயரின் முதலெழுத்துகள்தான்!) இரண்டு பதிலும் வைத்திருக்கிறது. வெறும் இடைவெளியை வைத்துப் பிரித்தால், பத்து இடைவெளி சேர்ந்து வந்தாலும் ஒன்றாகத்தான் கணக்கு. கமா மாதிரி வேறு குறியைச் சொன்னால் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு.

1989-ல் சி மொழிக்கு வந்த அமெரிக்கத் தரத்தில் இருக்கும் 'ஸ்ட்ர்டோக்' அப்படியல்ல. எந்தக் குறி அடுத்தடுத்து வந்தாலும் ஒன்றாகவே விழுங்கிவிடும். போதாததற்கு, குறி இருந்த இடத்தில் முடிவுக்குறியை எழுதித்தான் வெட்டும். அசல் வரியும் போச்சு. நண்பனின் காலிக் கட்டம் இப்படித்தான் காணாமல் போயிருக்கிறது.

மார்க் பட்டியலாவது பரவாயில்லை. பழைய யுனிக்ஸ் கணினிகளில் பயனர் பட்டியல் ஒரே கோப்பில் இருக்கும். பெயர், கடவுச்சொல், பயனர் எண் என்று கட்டம் கட்டமாகப் போகும், நடுவில் முக்காற்புள்ளி. கடவுச்சொல் கட்டம் காலி என்றால், கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடலாம் என்று அர்த்தம்! அந்த வரியை ஸ்ட்ர்டோக் கையில் கொடுத்தால் பயனர் எண்ணை எடுத்து, இதுதான் கடவுச்சொல் என்று நீட்டும்.

காலிக் கட்டத்தையும் மதிக்கும் 'ஸ்ட்ர்செப்' 1993-ல் வெளியான 4.4 பிஎஸ்டி யுனிக்ஸில் வந்தது. ஸ்ட்ர்டோக்குக்கு மாற்று என்றுதான் அதன் கையேடே அறிமுகம் செய்கிறது. ஆனால் சி மொழியின் தரத்தில் அதற்கு இன்றுவரை இடம் கிடைக்கவில்லை. எங்களுக்கு நடத்தியதும் ஸ்ட்ர்டோக் மட்டும்தான்.

ஸ்ட்ர்செப் போட்டுத் திருத்தி, பட்டியலைத் திரும்ப ஒட்டியாச்சு. டீ செலவு என்னுடையது.