சுரங்கத் தொழிலில் உயிர்க்காப்பு

நாம் நாள்தோறும் துய்க்கும் பொருள்கள் பலவற்றின் பிறப்பிடம் நமக்குத் தெரியும். நெல் வயலில் விளைகிறது. ஆடை தறியில் உருவாகிறது. உப்பு அளத்தில் கிடைக்கிறது. மின்விளக்கின் ஒளி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் மட்டும் மாணவர் பலர் சுவரிலுள்ள பொத்தானைக் காட்டுவர். நான் வாழும் கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அண்ணா நூற்றாண்டு நூலகம் சிறந்து விளங்குகிறது. மாலைப்பொழுதில் அங்கே எண்ணற்ற இளைஞர்கள் அமர்ந்து படிப்பதைக் காண்கிறேன். இவ்வூரில் எரியும் விளக்குகளுக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், ஒடிசாவின் தால்சேரில் வெட்டப்பட்டுப் பாரதீப் துறைமுகத்தின் வழியாக எண்ணூருக்குக் கப்பலில் வரும் நிலக்கரியும் ஆற்றல் அளித்து வருகின்றன. காற்றும் கதிரவனும் தரும் மின்சாரம் இன்று பெருகி வருகிறது. ஆயினும் நிலக்கரி இன்னும் நம்மிடம் விடைபெற்றுவிடவில்லை.

அந்தக் கரியை வெட்டும் மனிதன் வேலை முடிந்து உயிருடன் வீடு திரும்புகின்றானா? அவ்வாறு திரும்பும்படி செய்வதற்கு நம் நாடு எடுத்துக்கொண்ட முயற்சிகள் யாவை? இவையே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இந்தியாவில் நிலக்கரித் தொழில் 1774-ஆம் ஆண்டில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த சம்னர், ஹீட்லி என்னும் இருவர் வங்காளத்தில் தாமோதர் ஆற்றங்கரையிலுள்ள ராணிகஞ்சுப் பகுதியில் கரி எடுத்தனர். நெடுங்காலம் அது சிறு தொழிலாகவே இருந்தது. 1850-களில் இருப்புப்பாதை வந்ததும் நிலைமை மாறிவிட்டது. புகைவண்டிக்குக் கரி வேண்டும். கரியை ஏற்றிச் செல்லப் புகைவண்டி வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. தெற்கே கோதாவரிப் பள்ளத்தாக்கில் 1870-களின் தொடக்கத்தில் வில்லியம் கிங் என்னும் நிலநூல் அறிஞர் கரிப்படுகையைக் கண்டறிந்தார். அதுவே பின்னர்ச் சிங்கரேணிச் சுரங்கமாக வளர்ந்தது.

தொழில் வளர்ந்த வேகத்தில் தொழிலாளியின் காப்பு வளரவில்லை. நிலத்தின் அடியில் அவனுக்குப் பகைவர் நால்வர்: மேற்கூரை, வாயு, நீர், தூசி. இந்நான்கையும் அறிந்துகொண்டால் சுரங்கக் காப்பின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

முதலாவது மேற்கூரை. கரியை வெட்டி எடுக்கும்போது, மேலேயுள்ள பாறையைத் தாங்குவதற்காக இடையிடையே கரித்தூண்களை விட்டுச் செல்வர். பிற்காலத்தில் பேராசையால் அத்தூண்களையும் சுரண்டி எடுத்தால் கூரை இடிந்து விழும். இந்தியச் சுரங்கங்களில் மிகப் பலரைப் பலிகொண்டது நாளிதழ்களில் பெரிதாக இடம்பெறாத இக்கூரைச் சரிவே ஆகும். ஒரு நாள் ஒருவர், மற்றொரு நாள் இருவர் என்று அது உயிர்களைக் கவர்ந்தது. இதைத் தடுக்க மரத்தால் முட்டுக்கொடுத்தனர். பின்னர் எஃகுத் தாங்கிகளும் பாறையில் முடுக்கும் ஆணிகளும் வந்தன. கரி எடுத்த வெற்றிடத்தை ஆற்று மணலால் நிரப்பும் முறையை ஊக்குவிக்க 1939-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது.

இரண்டாவது வாயு. கரிப்படுகையிலிருந்து மீத்தேன் என்னும் வாயு கசியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் அது ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி போதும், சுரங்கம் வெடித்துவிடும். 1812-இல் இங்கிலாந்தில் பெல்லிங் என்னும் சுரங்கத்தில் 92 பேர் இவ்வாறு மாண்டனர். அதன்பின் 1815-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிவியல் அறிஞர், சுடரைக் கம்பிவலையால் சூழ்ந்த காப்பு விளக்கைக் கண்டுபிடித்தார். வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் உள்ளே எரியும் சுடர் வெளியேயுள்ள வாயுவைப் பற்றவைப்பதில்லை. சுடரின் மேல் தோன்றும் நீல நிறத் தொப்பி வாயு இருப்பதையும் காட்டிவிடும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பு விளக்கு வந்தவுடன் விபத்துகள் மறைந்துவிடவில்லை. விளக்கு இருக்கிறது என்ற துணிவில், முன்பு அஞ்சி விலகிய வாயுமிக்க ஆழங்களுக்கெல்லாம் முதலாளிகள் ஆட்களை அனுப்பினர். கருவி காக்கும் என்பது உண்மை. ஆனால் கருவியைக் கையாளும் ஒழுங்கு இல்லாவிடில் அது காவாது.

வாயுவைவிடக் கொடியது அதனுடன் சேரும் கரித்தூசி. சிறு வாயு வெடிப்பு தரையில் படிந்த தூசியைக் கிளப்பும்; அத்தூசி தீப்பற்றிச் சுரங்கத்தின் எல்லா வழிகளிலும் பாயும். 1906-இல் பிரான்சு நாட்டில் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்டது தூசி வெடிப்பினாலேயே. நம் நாட்டில் 1936-இல் போய்தி சுரங்கத்தில் 209 பேரும், 1958 பிப்ரவரி 19-இல் சினாக்குரியில் 175 பேரும், 1965 மே 28-இல் தோரியில் 268 பேரும் வெடிப்புகளில் உயிரிழந்தனர். கரித்தூசியின் மேல் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவினால் அது தீப்பற்றும் தன்மையை இழக்கும். இவ்வளவு எளிய மருந்து கையில் இருந்தும், இடைவிடாமல் தூவுவதற்குச் செலவிட மனம் வரவேண்டும் அல்லவா?

இனிச் சட்டத்தின் கதையைக் காண்போம். 1894-இல் ஜேம்ஸ் கிரண்டி என்பவர் இந்தியாவின் முதல் சுரங்க ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். ஆனால் அவருக்குத் துணைநிற்கச் சட்டம் இல்லை. 1897-இல் கோலார் தங்க வயலில் 52 பேர் விபத்தில் இறந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பைத் தேடிச் சென்ற தமிழர் பெருந்தொகையாகப் பாடுபட்ட இடம் அது. 1899-இல் பலுசிஸ்தானத்திலுள்ள கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் இறந்தனர். அதன்பிறகே 1901-இல் முதல் இந்தியச் சுரங்கச் சட்டம் பிறந்தது. 1902-இல் ஆய்வு அலுவலகம் கல்கத்தாவில் அமைந்தது. 1908-இல் அது தன்பாத்துக்கு மாறியது.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குட்பட்ட சிறுவரைச் சுரங்க வேலையிலிருந்து விலக்கியது. நிலத்தடி வேலையை வாரத்துக்கு 54 மணிக்கு வரையறுத்தது. பெண்கள் நிலத்தடியில் உழைப்பது 1937-இல் முற்றிலும் தடுக்கப்பட்டது. ஆனால் உலகப்போரில் கரி தட்டுப்பட்டதும் 1943-இல் அத்தடை நீக்கப்பட்டது. 1946-இல் மீண்டும் வந்தது. தேவை நெருக்கும்போது காப்பு எவ்வளவு விரைவில் தளர்கிறது என்பதற்கு இது சான்று. விடுதலைக்குப் பின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1957-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளும் வந்தன. நிலத்தடியில் ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு 6 கன மீட்டர் காற்று, நூற்றுக்கு 19 பங்குக்குக் குறையாத உயிர்வளி என்று அளவுகளும் வகுக்கப்பட்டன. 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்கு உரிய வயதை 18 ஆக உயர்த்தியது.

மூன்றாவது பகைவனாகிய நீரைப் பற்றிச் சொல்லும்போது சஸ்னாலாவை மறக்க முடியாது. 1975 டிசம்பர் 27. தன்பாத் அருகேயுள்ள அச்சுரங்கத்தில், மேலே கைவிடப்பட்ட பழைய வெட்டிடத்தில் தேங்கியிருந்த நீர் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்தது. 375 பேர் மாண்டனர். பழைய நீர்த்தேக்கத்துக்கு 60 மீட்டர் தொலைவுக்குள் அனுமதியின்றி வெட்டக்கூடாது, முன்னே துளையிட்டு ஆராய்ந்துகொண்டே செல்ல வேண்டும் என்றெல்லாம் விதிகள் அப்போதே இருந்தன. அது தனியார் பேராசையின் விளைவு என்று சொல்லவும் வழியில்லை. அதை நடத்திய இரும்பு எஃகு நிறுவனத்தின் நிருவாகம் 1972 முதல் அரசின் கையில் இருந்தது. உடைமை கைமாறினால் மட்டும் காப்பு வந்துவிடாது என்பதே சஸ்னாலா புகட்டிய பாடம்.

இருளில் ஓர் ஒளியும் உண்டு. 1989 நவம்பர் 13-இல் ராணிகஞ்சில் மகாவீர் சுரங்கத்தில் நீர் புகுந்தது. 71 பேர் கீழே சிக்கினர். அவர்களுள் 6 பேர் இறந்தனர். ஜஸ்வந்த் சிங் கில் என்னும் பொறியாளர், மேலிருந்து ஒரு துளையிட்டு, ஒரு மனிதன் நிற்குமளவு எஃகுக் கூண்டைச் செய்வித்து, தாமே முதலில் அதனுள் இறங்கினார். எஞ்சிய 65 பேரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பிய பின்னரே தாம் ஏறி வந்தார். வீரம் போற்றத்தக்கதே. ஆனால் வீரம் தேவைப்படாத சுரங்கமே நல்ல சுரங்கம்.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். 1930-களில் தென்னார்க்காட்டு நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய துகள்கள் வந்தன. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-இல் பிரதமர் நேரு அகழ்வைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரிப்படுகை வெளிப்பட்டது.

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். ஆகவே கூரைச் சரிவும் வாயு வெடிப்பும் அங்கே இல்லை. ஆனால் கரிப்படுகையின் அடியில் பேரழுத்தத்துடன் நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டால், அந்நீர் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். நான் ஆசிரியப் பணியிலிருந்தபோது மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். மண்ணை வாரும் பெருஞ்சக்கர எந்திரத்தைக் கண்டு எல்லோரும் வியந்தனர். ஒரு சிறுவன் மட்டும், "ஐயா, ஆறே இல்லாத ஊரில் இரவும் பகலும் ஏன் இவ்வளவு தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறார்கள்?" என்று கேட்டான். சுரங்கத்தின் உயிர்நாடியைத் தொட்ட கேள்வி அது. கரிக்குக் கீழுள்ள நீரைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகளால் இடைவிடாது இறைத்து, அதன் அழுத்தத்தைத் தணித்த பின்னரே அங்கே கரியை எடுக்கின்றனர். அகழ்வு தொடங்குமுன்பே இந்த ஆபத்து ஆராயப்பட்டது. அதற்கேற்ற முறையும் வகுக்கப்பட்டது. வெள்ளம் வருமுன் அணை கோலுவது என்பது இதுதான். தங்கள் கிணறுகளில் நீர் இறங்கிவிட்டதெனச் சுற்றுப்புற உழவர்கள் கூறும் குறையையும் நாம் புறக்கணித்தல் தகாது. சுரங்கத்துக்கு உள்ளே இருப்பவரின் காப்போடு வெளியே வாழ்பவரின் வாழ்வும் எண்ணத்தக்கதே.

நான்காவது பகைவன் தூசி என்றேன். விபத்து ஓசையோடு வரும். தூசிநோய் ஓசையின்றி வரும். நுண்ணிய துகள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்து அதை இறுகச் செய்கிறது. மூச்சு வாங்கும், இருமல் ஓயாது, போன நுரையீரலை மீட்க மருந்து இல்லை. கோலார் தங்க வயலில் 1940-களில் நடந்த ஆராய்ச்சியில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்குக் கல்தூசி நோய் காணப்பட்டது. அவர்களுக்கு எந்த நாளில் விபத்து நேர்ந்தது என்று எந்த ஏட்டில் எழுதுவது? துளையிடும் இடத்தில் நீரைத் தெளித்தல், காற்றோட்டம் மிகுத்தல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சோதனையும் மார்பு ஒளிப்படமும் எடுத்தல் என்பனவே சுரங்க விதிகள் வகுத்த காப்புகள். நிலையான ஊழியருக்குக் கிடைக்கும் அதே சோதனை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைத்தாக வேண்டும். தூசி இருவரிடையே வேற்றுமை பாராட்டுவதில்லை.

ஒவ்வொரு விதியும் ஒரு சாவுக்குப் பின் எழுதப்பட்டது என்பதே இதுகாறும் நாம் கண்டது. அண்மைக்காலத்தில் இப்போக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள், ஒவ்வொரு சுரங்கமும் தனக்குரிய ஆபத்துகளைத் தானே முன்கூட்டிப் பட்டியலிட்டு, அளவிட்டு, காப்புத் திட்டம் தீட்ட வேண்டும் என்கின்றன. அப்பட்டியலை எழுதும்போது அதிகாரியின் அருகே தொழிலாளியும் அமர வேண்டும். கூரையின் முனகலை முதலில் கேட்பது அவன் காதுதான். ஆயினும் சட்டம் எட்டாத இடங்கள் இன்னும் உள்ளன. மேகாலயத்தில் எலிவளை போன்ற சுரங்கங்கள் 2014-இல் தடை செய்யப்பட்டன. எனினும் 2018 டிசம்பரில் அத்தகைய ஒரு குழியில் நீர் புகுந்து பதினைந்து தொழிலாளர் சிக்கி மாண்டனர்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளராவீர், சிலர் மருத்துவராவீர், சிலர் சட்டம் இயற்றும் மன்றத்திலும் அமர்வீர். எந்தத் தொழிலை மேற்கொண்டாலும், அங்கே உழைக்கும் கடைசி மனிதனுக்கு என்ன ஆபத்து நேரக்கூடும் என்பதை முதல் நாளே கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வரையில் வேலையைத் தொடங்காதீர்கள். 375 பேர் இறந்த பின் எழுதப்படும் விசாரணை அறிக்கை எவ்வளவு விரிவாக இருந்தாலும், அதனால் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இறங்குமுன் கேட்கப்படும் ஒரு கேள்வி அதைச் செய்யும்.