களைப்பின் வாக்குமூலம்

"தூக்கம் வந்தா வண்டிய ஓரங்கட்ட வேண்டியதுதானே" என்று டிரைவரைப் பார்த்துச் சொல்வது எளிது. களைப்பைத் தனியொரு உடலின் குறையாக மட்டுமே பார்க்கும் பேச்சு இது. இந்தப் பார்வைக்கு இப்போது விஞ்ஞானத்தின் துணையும் சேர்ந்திருக்கிறது. அது சேர்ந்த கதையை மூளை அலைகளின் வரலாற்றில் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியின் யேனா நகரில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர், 1924இல் மனித மூளையின் மின்னசைவுகளைப் பதிவு செய்தார். 1929இல் அதை வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்ந்திருக்கையில் விநாடிக்குப் பத்து முறை போல எழுந்தடங்கும் அலைதான் அவர் பெயரிட்ட ஆல்பா. கண்ணைத் திறந்தால் அது அடங்கிவிடும். பெர்கர் தேடியது மனதின் ஆற்றலை. பின்னால் வந்தவர்கள் அதை உழைப்பாளியின் விழிப்பை அளக்கும் கோலாக்கினார்கள்.

1987இல் சுவீடனில் டோர்ஸ்வால், ஆகர்ஸ்டெட் இருவரும் வெளியிட்ட ஆய்வில் 11 ரயில் ஓட்டுநர்களின் தலையில் மின்முனைகள் ஒட்டப்பட்டன. ஒரே ஆட்கள், ஒரு பகல் பயணம், ஓர் இரவுப் பயணம். இரவில் ஆல்பா ஏறியது. 'எனக்கு இவ்வளவு தூக்கம் வருது' என்று ஓட்டுநர்கள் தாங்களே மதிப்பிட்ட அளவோடு அந்த ஏற்றம் நெருக்கமாகப் பொருந்தியும் போனது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கருவி நிரூபித்தது தொழிலாளியின் வாய்ச்சொல்லை நம்பலாம் என்பதை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 80 லாரி ஓட்டுநர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் அறிக்கை 1996இல் வந்தது. எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்பதைவிட, எந்த நேரத்தில் ஓட்டினார்கள் என்பதே விழிப்பை அதிகம் பாதித்தது. அவர்கள் நாளொன்றுக்குத் தூங்கியது சராசரியாக 5 மணி நேரத்துக்கும் குறைவு. அத்தனையும் சட்டம் அனுமதித்த ஓட்ட நேரங்களுக்கு உட்பட்டுத்தான். ஆக, மின்முனை ஒட்டியது மண்டையில் என்றாலும் அது காட்டிக்கொடுத்தது டியூட்டி அட்டவணையை.

ஆனால் நடைமுறையில் திருத்தப்படுவது அட்டவணை அல்ல, மண்டைதான். ஆஸ்திரேலியச் சுரங்க லாரி ஓட்டுநர்களுக்கு மூளை அலையை அளக்கும் 'ஸ்மார்ட்கேப்' வந்தது. பெய்ஜிங்-ஷாங்காய் அதிவேக ரயில் ஓட்டுநர்களின் தொப்பிக்குள் உணர்விகள் இருப்பதாக 2018இல் செய்தி வந்தது. உடலை ஒப்புக்கொள்ள வைக்க இனி வாய்கூடத் தேவையில்லை. பூக்கோவை வாசித்தவர்களுக்கு இது புதிதாய் இருக்காது. இத்தனைக்கும் சிலருக்கு ஆல்பா இயல்பிலேயே மிகக் குறைவு. தலையை அசைத்தாலும் எதையாவது மென்றாலும் பதிவு கலங்கும்.

எச்சரிக்கை மணி ஓர் உயிரைக் காப்பாற்றுமென்றால் காப்பாற்றட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மணி அட்டவணை போடுகிறவரின் மேஜையிலும் அடிக்க வேண்டும். 'முடியல' என்று ஓட்டுநர் வாயால் சொல்லி நிறுத்தினால் கூலி வெட்டப்படும், வேலை போகும். அதையே கருவி சொன்னால் ஆதாரம். யாருடைய சொல் ஆதாரமாகிறது என்பதுதான் இங்கே கேள்வி. மூளை அலைக்கு முன்னாலேயே இருந்த கேள்வி அது.