பழுது பார்த்தலும் பழுதாக்கலும்

பண்டைக் கட்டடங்கள் அழிந்தொழிதற்குக் காரணங் கூறப்புகும் சரித்திர ஆசிரியர்கள் போரையும் மழையையும் நிலநடுக்கத்தையும் மக்களின் பேராசையையுமே பெரும்பாலும் எடுத்தோதுவர். இவற்றோடு சேர்த்தெண்ண வேண்டிய காரணம் இன்னுமொன்றுண்டு. அஃது அக்கட்டடங்களைக் காக்க விரும்பினோர் செய்த திருத்த வேலையே. பகைவனாற் சிதைந்த மதிலைச் சிதைத்தவன் இன்னானென்று யாவரும் அறிவர். நண்பன் செய்த வேலையால் அது வெடிக்கும்போதோ, வெடிப்பின் காரணம் யாதென்று அறிவதற்கே பல்லாண்டுகள் செல்கின்றன. உலகறிந்த கட்டடமொன்றின் பிற்கால வரலாறு இதற்குச் சான்றாகும்.

ஏதென்சு நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் அக்கிரோப்பொலிசு என்னுங் குன்றின்மீது, அதீனா என்னுந் தெய்வத்துக்கெனக் கட்டப்பட்ட கோயிலே பார்த்தெனன். பெரிக்கிளிசு என்பான் அந்நகரத்து அரசியலை நடாத்திய காலத்தில், கி. மு. 447இல் தொடங்கி, சிற்ப வேலைகளும் உட்பட கி. மு. 432இல் அது நிறைவெய்தியது. இத்தினோசு, கல்லிக்கிராத்தீசு என்போர் கட்டடக் கலைஞர். பீதியாசு சிற்பங்களுக்குப் பொறுப்பாயிருந்தான். பின்னர் அது கிறித்தவர்க்குத் தேவாலயமாயிற்று. துருக்கர் ஆட்சியில் மசூதியாயிற்று. 1687இல் வெனிசு நகரத்துப் படை ஏதென்சை முற்றுகையிட்டபோது, துருக்கர் அதனுள்ளே வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தனர். பீரங்கிக் குண்டொன்று அதன்மேல் விழவே, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நின்ற கோயிலின் நடுப்பகுதி ஒரு கணத்திற் சிதறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு எஞ்சிய சிற்பங்களிற் பலவற்றைப் பெயர்த்துக் கொண்டு சென்றார். 1816இல் அவை பிரித்தானிய நூதனசாலைக்கென விலைக்கு வாங்கப்பட்டன. எல்ஜின் செய்தது முறையோ என்னும் வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அவ்வாதத்துக்குச் செலவழிந்த மையில் நூற்றிலொரு பங்குதானும் நாம் இங்கே சொல்லப்புகும் செய்திக்குச் செலவழிந்ததில்லை.

1894இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தாற் பார்த்தெனன் மேலும் ஊறுபட்டது. அதன்பின் திருத்த வேலை நிக்கொலாசு பலானோசு என்னும் எந்திரவியலாளர் கையில் ஒப்படைக்கப்பட்டது. 1898 தொடக்கம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அக்குன்றின்மேல் அவர் சொல்லே சட்டமாயிருந்தது. பார்த்தெனனிலும், அதனருகே உள்ள எரெக்தெயோன் என்னுங் கோயிலிலும், குன்றின் வாயில் மண்டபத்திலும் அவர் வேலை செய்தார். 1922இலிருந்து 1933 வரை பார்த்தெனனின் வடபுறத் தூண்வரிசையை மீண்டும் எடுத்து நிறுத்தினார். 1687இல் விழுந்த தூண்கள் மீண்டும் வானைநோக்கி எழுந்ததைக் கண்ட உலகம் அவரைப் பாராட்டிற்று. பாராட்டத்தக்க ஊக்கமும் உழைப்பும் அவரிடம் இருந்தன என்பதில் ஐயமில்லை.

ஆயின் அவர் கற்களை எதனாற் பிணைத்தார்? இரும்பினால். அது புதுமையன்று; பழைய கிரேக்கருங் கற்களை இரும்புக் கவ்விகளாலேயே பிணைத்தனர். பார்த்தெனனிற் சாந்து கிடையாது. கல்லோடு கல் மயிரிழையும் புகாவண்ணம் இழைக்கப்பட்டு, குழிவெட்டி இறக்கிய இரும்பினால் இணைக்கப்பட்டிருந்தது. ஆனால் அக்காலத்துக் கொல்லர் இரும்பை இறக்கியபின் அதனைச் சுற்றி ஈயத்தை உருக்கி வார்த்தனர். ஈயம் ஈரமுங் காற்றும் இரும்பைத் தீண்டாது காத்தது. மென்மையான பொருளாதலின், நிலம் நடுங்கும்போது கல்லுக்கும் இரும்புக்கும் இடையே மெத்தை போலவும் உதவியது. இவ்வாறு ஈயப்போர்வை பெற்ற கவ்விகள் பல, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளின் பின் வெளியே எடுத்துப் பார்த்தபோதும் கெடாதிருந்தன.

பலானோசு ஈயத்தை விட்டுவிட்டார். தம் காலத்து ஆலைகளில் வடித்த இரும்பை அவ்வாறே கல்லினுட் செலுத்திச் சீமெந்தால் மூடினார். சிலவிடங்களிற் கல்லைக் குடைந்து பெரிய இரும்பு வளைகளையே உள்ளே வைத்தார். கடற்காற்று வீசும் நகரில், மழைநீர் கசியும் இடுக்குகளில், அவ்விரும்பு துருவேறத் தொடங்கிற்று. துருவேறிய இரும்பு முன்னிருந்த அளவினதாய் நில்லாது, பன்மடங்கு பருக்கும். இறுகிய குழியினுள் அது பருக்குமிடத்து, கல்லே பிளந்து வழிவிட வேண்டும். பெந்தெலிக்கோன் மலையிலிருந்து வெட்டிக் கொணர்ந்த சலவைக்கற்கள், வெடிமருந்துக்கும் தப்பியவை, தம்மைத் தாங்க வைத்த இரும்பினால் உள்ளிருந்தே பிளந்தன.

வேறு குறைகளும் உண்டு. பார்த்தெனனின் தளம் நேர்கோடன்று. நடுவிற் சிறிது உயர்ந்து இருபுறமுந் தாழும். தூண்கள் உட்புறமாகச் சிறிது சாயும்; நடுவே மெல்லப் பருத்து மேலே ஒடுங்கும். ஆதலின், பார்வைக்கு ஒன்றுபோற் றோன்றும் கற்கள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்டவை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் ஒன்றேயாம். பலானோசு கிடைத்த கல்லைப் பொருந்திய இடத்தில் வைத்தார். இல்லாத துண்டங்களுக்குக் கொங்கிறீற்றை வார்த்து நிரப்பினார். உடைந்த இரு துண்டுகளை இணைக்கவேண்டிய இடத்து, பழைய கல்லின் உடைவாயைச் செதுக்கித் தட்டையாக்கினார். இரும்பை மாற்றலாம், கொங்கிறீற்றைப் பெயர்க்கலாம், செதுக்கி எறிந்த கல்லை எங்கே தேடுவது?

பலானோசு ஒருவரையே குறைகூறுதல் நேர்மையாகாது. 1931இல் அறிஞர் பலர் ஏதென்சிலேயே மகாநாடு கூடி, பண்டைச் சின்னங்களைக் காக்கும் நெறிகளை வகுத்தனர். அவர்கள் அக்குன்றின்மேல் ஏறி வேலைகளைக் கண்டு உடன்பட்டவர்கள். அம்மகாநாட்டு முடிபுகளில், இக்காலத்துச் சாதனங்களை, சிறப்பாக இரும்பு பொதிந்த கொங்கிறீற்றை, விவேகத்தோடு கையாளலாமென்றும், இயன்றவரை அவை கண்ணிற் படாதவாறு மறைக்கப்பட வேண்டுமென்றுங் கூறப்பட்டுள்ளது. கல்லின் உள்ளே மறைந்திருந்த இரும்பின் துருவை எவரும் காணவில்லை. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 1964இல் வெனிசு நகரில் வகுக்கப்பட்ட சாசனம் வேறு குரலிற் பேசுகின்றது. மரபுவழி முறைகள் போதாவென்று கண்டவிடத்தே புதிய முறைகளைக் கையாளலாம். அவையும் ஆராய்ச்சியாற் காட்டப்பட்டு அனுபவத்தாலும் மெய்ப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். புதிதாகச் சேர்த்த பகுதி பழையதோடு இசைந்து நிற்பதோடு, பழையதன்றென்று அறியக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும். செய்த வேலை யாவும் படங்களோடு எழுதி வைக்கப்படல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. இரு சாசனங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில் ஒரு தலைமுறையின் பட்டறிவு அடங்கியுள்ளது.

இதற்கிடையில் ஏதென்சு நகரம் பெருத்தது. மோட்டார் வண்டிகளும் ஆலைகளும் வீட்டடுப்புகளும் கக்கிய கந்தகப் புகை ஈரத்தோடு கலந்து சலவைக்கல்லின் மேற்றோலை ஜிப்சமாக மாற்றியது. மாற்றியதை மழை கழுவிச் சென்றது. சிற்பங்களின் முகங்கள் உருக்குலைந்தன. எரெக்தெயோனின் மண்டபத்தைத் தலையிற் சுமந்து நிற்கும் கன்னியர் அறுவருள் ஒருத்தியை எல்ஜின் முன்னரே கொண்டு சென்றுவிட்டார். எஞ்சிய ஐவரும் 1979இல் நூதனசாலைக்கு மாற்றப்பட்டு, அவர்தம் இடத்தில் வார்ப்புருக்கள் நிறுத்தப்பட்டன.

1975இல் கிரேக்க அரசாங்கம் கட்டடக்கலைஞரும் தொல்பொருளறிஞரும் எந்திரவியலாளரும் இரசாயன அறிஞரும் அடங்கிய குழுவொன்றை அமைத்தது. அக்குழு மேற்கொண்ட வேலையிற் பெரும்பகுதி முன்னையோர் செய்த திருத்தத்தைத் திருத்துவதேயாம். பலானோசு நிறுத்திய கற்களை ஒவ்வொன்றாக இறக்கினர்; துருவேறிய இரும்பை வெட்டியெடுத்தனர்; அதனிடத்துத் தைற்றேனியம் என்னுந் துருவேறாத உலோகத்தைப் பதித்தனர். மனோலிசு கொர்ரெசு என்னுங் கட்டடக்கலைஞரும் அவரோடு உழைத்தோரும் கற்களின் அளவையும் வளைவையும் கவ்விக் குழிகளின் அமைப்பையும் ஒப்புநோக்கி, இடமாறி வைக்கப்பட்டிருந்தவற்றுக்கும் தரையிற் சிதறிக் கிடந்த பலவற்றுக்கும் உரிய இடத்தைக் கண்டறிந்தனர். புதுக்கல் வேண்டிய இடத்து, அதே பெந்தெலிக்கோன் மலைக்கல்லை எடுத்து, பழைய உடைவாயின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பப் புதுக்கல்லையே செதுக்கினர். பழைய கல்லில் உளி படவில்லை. பலானோசு செய்ததற்கு இது நேர்மாறு.

இவ்வேலையில் எம் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது தைற்றேனியக் கவ்விகளின் வலிமையை அவர்கள் கணித்த முறையாகும். கூடிய வலிமை நன்றென்றே பலரும் எண்ணுவர். இவர்களோ, பெருநடுக்கம் வரின் முதலில் நெகிழ்ந்து ஒடிவது கவ்வியாயிருத்தல் வேண்டும், கல் அன்று எனக் கணித்தனர். கவ்வியை இன்னொருமுறை செய்யலாம். பீதியாசின் காலத்துக் கல்லைச் செய்ய முடியாது.

கிரேக்கத்துச் சலவைக்கல்லுக்கு இரும்பு எவ்வாறோ, எமது சுண்ணாம்புக் கட்டடங்களுக்குச் சீமெந்து அவ்வாறு. யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளும் மடங்களும் கோயில் மதில்களும், போர்த்துக்கேயராற் றொடங்கப்பட்டு ஒல்லாந்தரால் விரித்துக் கட்டப்பட்ட கோட்டையும், முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுந்தவை. சுண்ணச்சாந்து மென்மையுடையது, நுண்டுளைகளையுடையது. சுவர் நிலத்திலிருந்து உறிஞ்சிய ஈரம் அதனூடாக வெளியேறும். சுவர் சிறிது அசையின் அதுவும் உடன் நெகிழும். போட்லண்ட் சீமெந்து 1824இல் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்ற பொருள். அது வன்மையானது; ஈரத்தை எளிதில் வெளிவிடாது. பழஞ்சுவரின்மேற் சீமெந்து பூசியவிடத்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லினுள்ளேயே தங்கும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் அவ்வீரத்தோடு உப்புங் கலந்திருத்தலின், உப்பு உறைந்து பருத்துக் கல்லைப் பொடியாக்கும். பூச்சு வெளியே பளபளத்து நிற்க, உள்ளே கல் மாவாகின்றது. ஒருநாட் பூச்சுப் பாளமாகக் கழன்று விழும்போது, பழைய கல் உறுதியற்றதென்று கூறிச் சுவரையே இடித்துவிடுகின்றோம். குற்றம் கல்லின்மேற் சுமத்தப்படுகின்றது.

சுண்ணாம்பைச் சூளையிற் சுட்டு, நீற்றி, நாட்கணக்கிற் புளிக்கவைத்து, பனங்கட்டியும் கடுக்காய் நீருஞ் சேர்த்து அரைக்கும் வேலையை அறிந்த மேசன்மார் இன்று அருகிவிட்டனர். கட்டடத்தைப் பேணுவதற்கு முன் அதனைக் கட்டிய தொழிலைப் பேணவேண்டியுள்ளது. ஏதென்சிலும் பெந்தெலிக்கோன் கல்லை உளியாற் செதுக்கும் பழைய தொழிலாளர் மரபு அறாதிருந்தமையாலேயே கணிப்பாளரின் கணக்கு கல்லிலே பலித்தது.

இங்கே ஒரு தடை எழும். பார்த்தெனன் வழிபாடொழிந்த கோயில், காட்சிப்பொருள். எமது கோயில்களோ பூசை நடைபெறுவன. சீரணோத்தாரணம் ஆகமங்கள் விதித்த கடன். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகஞ் செய்தல் வழக்கம். பழுதுற்றதைப் புதுக்குதலே எம் மரபாயிருக்க, அயல்நாட்டார் சாசனம் எமக்கெதற்கு என்பர். இத்தடை முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. வழிபடுவோர் தொகை பெருகும்போது மண்டபம் விரிதலும், ஒழுகுங் கூரை மாறுதலும் இயல்பே. உயிருள்ள கோயிலை நூதனசாலையாக்குதல் எவருக்கும் நோக்கமன்று. ஆனால் புதுக்குதல் என்னுஞ் சொல்லால் எதனையுஞ் செய்யலாமென்று எம் முன்னோர் கருதியதில்லை.

கொள்ளிடத்தின் வடகரையிலே, மூவர் பாடலும் பெற்ற திருமழபாடி என்னுந் தலம் உள்ளது. முதலாம் இராசராச சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு ஆணையிட்டான். பெருவேந்தன், தஞ்சையிற் பெரிய கோயிலை எழுப்பியவன், தான் புதிதாகக் கட்டும் சுவரிலே தன் புகழை மட்டும் பொறித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. சுவர்களைப் பிரிப்பதற்கு முன்னர், அவற்றில் இருந்த பழைய கல்வெட்டுக்களையெல்லாம் புத்தகத்திற் படியெடுக்க வேண்டுமென்று விதித்தான். பழையோர் விட்ட நிலமும் பொன்னும் விளக்கும் அக்கல்வெட்டுக்களாலேயே நிலைபெற்றனவாதலின், கல் போனாற் கோயிலின் உரிமையும் போகும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். வேலை முடிவதற்குள் அரசன் மறைந்தான். ஆணை மறக்கப்படவில்லை. அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அப்புத்தகத்தில் இருந்தவை புதிய சுவரின்மேல் மீண்டும் வெட்டப்பட்டன.

எமது ஊர்களில் நூறாண்டு கண்ட மண்டபமொன்றை இடிப்பதற்கு முன், அதன் நீள அகலத்தை அளந்து, தூண்களைப் படம்பிடித்து, உபயகாரர் பெயர் வெட்டிய கல்லைப் படியெடுத்து வைக்கும் திருப்பணிச் சபையார் எத்தனை பேர்? அளவுநாடாவும் படப்பெட்டியும் இன்று ஒவ்வொரு மாணவன் கையிலும் உள்ளன. சோழர் காலத்தில் ஏடும் எழுத்தாணியுமே இருந்தன.

திருமழபாடிக் கல்வெட்டிற் கவனிக்கத்தக்க செய்தி இன்னுமொன்று. மீண்டும் வெட்டியவர்கள் அதனைப் பழைய கல்வெட்டேபோற் காட்ட முயலவில்லை. முன்னைச் சுவர் பிரிக்கப்பட்டதையும், அதிலிருந்தவை புத்தகத்தில் ஏற்றப்பட்டதையும், அப்புத்தகத்தின்படியே இவை வெட்டப்பட்டதையும் அக்கல்லே கூறுகின்றது.