லோ பிரஷர்தானே என்று இருந்துவிடலாமா?

ரத்த அழுத்தம் கூடினால் பயப்படுகிறோம். குறைந்தால் "லோ பிரஷர்தானே, உப்புப் போட்டு மோர் குடி" என்று விட்டுவிடுகிறோம். இது குறித்து வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1733இல் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். ஒரு பெண் குதிரையின் தமனியில் அவர் குழாயைச் செருகியபோது, ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றது. ரத்தத்தைச் சிறிது சிறிதாக வெளியேற்றியபோது அந்த மட்டம் இறங்கியது. இறுதியில் குதிரை இறந்தது. உறுப்புகளுக்கு ரத்தத்தைத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். அது சரிந்தால் மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் தவிக்கும்.

அடுத்த நூற்றாண்டில் காலரா பிரிட்டனை உலுக்கியது. வாந்தியிலும் பேதியிலும் நீரும் உப்பும் போய், நாடி பிடிபடாமல் மக்கள் மடிந்தார்கள். ஏற்கெனவே வற்றிப்போன அந்த உடல்களிலிருந்து ரத்தத்தை வெளியேற்றுவதையே பல மருத்துவர்கள் சிகிச்சையாகச் செய்தார்கள்! ஓஷாக்னசி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் காட்டினார். (பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் இவரே.) அதைப் படித்த தாமஸ் லட்டா, 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில், சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்பு நீரை ஏற்றினார். நாடி திரும்பியது, முகம் தெளிந்தது. ஆனால் பேதி நிற்கவில்லை. மீண்டும் நீர் ஏற்றப்படாததால் சில மணி நேரத்தில் அவர் இறந்தார். பிறகு வந்த நோயாளிகள் சிலர் பிழைத்தார்கள். மறு ஆண்டே லட்டா காலமானார். அவரது முறையும் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது. இன்று நமக்கு ஏற்றும் சலைன் பாட்டிலின் முன்னோடி அதுதான்.

கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி தந்தார். 1905இல் ரஷ்யாவின் கொரட்கோவ், ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். 1925இல் அமெரிக்காவின் பிராட்பரி, எகிள்ஸ்டன் இருவரும் எழுந்து நின்றதும் மயங்கும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். படுத்திருக்கும்போது இருந்த அழுத்தம், நின்றதும் சரிந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு முக்கியமானது இதுதான். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு 90/60 என்பது நோயல்ல. ஆனால் நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி குறைந்தால் கவனிக்க வேண்டும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படியும் நேரலாம். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரை நோய் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். நிற்கவைத்தும் அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். படுக்கையை விட்டு எழும்போது சற்று உட்கார்ந்து எழுங்கள்.

ரத்தப்போக்கு, பேதி அல்லது கடும் காய்ச்சலோடு உடல் சில்லிட்டு, பேச்சு குழறி, சிறுநீரும் குறைந்தால் மோரோடு நிற்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.