ஆயாவின் சம்பளமும் அரசின் வரியும்

"மாமா, திருவனந்தபுரத்துல குழந்தையைப் பாத்துக்கறவாளுக்கு யார் வரி கட்டறா?" என்று அமெரிக்காவிலிருந்து மருமகள் கேட்டாள். கணக்கெழுதியே காலம் கழித்தவன் நான்; கரமனை அக்கிரஹாரத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவள் நாட்டிலோ, உரிய ஆவணமில்லாதவரைக் குழந்தை பார்க்க வைத்து, சமூகப் பாதுகாப்பு வரியும் கட்டாததால், 1993இல் சோயி பேர்டு என்ற வழக்கறிஞருக்குக் கிடைக்கவிருந்த அட்டர்னி ஜெனரல் பதவியே கைநழுவியது.

இங்கே கதை தலைகீழ். எங்கள் பழைய மன்னராட்சியான திருவிதாங்கூரில் வரி, வேலை வாங்கியவர் மேல் அல்ல, செய்தவர் மேலேயே விழுந்தது. நாடார், ஈழவர் முதலியோர் தலைவரி கொடுத்தார்கள். அதற்குமேல் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லா ஊழியம். ஆங்கிலேய ரெசிடென்ட் மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஞாயிறு வேலையிலிருந்து விலக்கு கிடைத்தது. அடிமைமுறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகும் எங்கள் அடுக்களைகளில் கூலி என்றால் சோறு, பழம்புடவை, ஓணக்கோடி. தாராளம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். எனக்கு அது ஏய்ப்பாகவே படுகிறது.

பிறகு நிலை மெல்ல மாறியது: 1983இல் திருவனந்தபுரத்தில் உழைக்கும் பெண்களுக்கான சேவா அமைப்பு வேரூன்றியது. 2005இல் கேரளம் வீட்டுவேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச உடன்படிக்கைக்கு 2011இல் இந்தியா வாக்களித்தது, ஏற்று உறுதிசெய்யவில்லை.

மருமகளுக்கு என் பதில்: சம்பளம் வருமானவரி வரம்புக்குள் இருந்தால் இங்கே பிடித்தம் இல்லை. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், வார விடுமுறையையும் நோட்டில் எழுதி வையுங்கள்.