வெங்காயச் சருகும் பருத்திப் பூவும்

எங்கள் ஆலத்தியூர் இன்று சிமெண்டுக்குப் பேர் போன ஊர். கல்லூரியில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பக்கத்துப் பருத்திக் காட்டைவிடப் பெரிய சோதனைக்கூடம் எனக்குத் தெரியாது.

அதை எனக்குக் காட்டியது வேதியியலாளர் டி. ஆர். சேஷாத்ரியின் கதை. 1900ல் குளித்தலையில் பிறந்தவர். அன்றைக்குக் குளித்தலையும் எங்கள் ஊரும் ஒரே திருச்சி ஜில்லா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1927ல் மான்செஸ்டர் போய் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தார். ஆஸ்திரியாவில் பிரெகலிடம் நுண்பகுப்பாய்வு கற்றார். சேர்மத்தை எரித்து அதில் கார்பன், ஹைட்ரஜன் எவ்வளவு என்று கண்டுபிடிக்க, பிரெகல் முறைக்குச் சில மில்லிகிராம் போதும். கூடை கூடையாகப் பூவைக் காய்ச்சிச் சிட்டிகைச் சாயம் எடுக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய துணை!

1930களில் வால்டேரில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில், அவரும் நீலகண்டமும் பருத்திப் பூவின் நிறப்பொருள்களை ஆராய்ந்தார்கள். புளிச்சைப் பூ, பூவரசம் பூ என்று அது தொடர்ந்தது. எல்லாம் வரப்போரத்துப் பூக்கள்.

பருத்திப் பூவின் மஞ்சளில் காசிபெட்டின் என்ற பொருள் உண்டு. அதில் ஆறு ஹைட்ராக்சில் தொகுதிகள். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தின் சருகில் இருப்பது குவெர்செட்டின், அதில் ஐந்து. மற்றபடி இரண்டுக்கும் ஒரே கட்டமைப்பு, அதே பதினைந்து கார்பன். அப்படியானால் வெங்காயச் சாயத்தைப் பருத்திச் சாயமாக மாற்ற முடியுமா? 1940களில் சேஷாத்ரி குழு மாற்றிக் காட்டியது. குவெர்செட்டினில் ஐந்தாம் இடத்து ஹைட்ராக்சிலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற நான்கையும் மெத்தில் போட்டு மூடினார்கள். காரக் கரைசலில் பெர்சல்ஃபேட் சேர்த்தார்கள். பெர்சல்ஃபேட் பெரும்பாலும், திறந்திருக்கும் ஹைட்ராக்சிலுக்கு நேரெதிர் முனையான பாரா இடத்தில்தான் ஆக்சிஜனைச் சேர்க்கும். ஐந்துக்கு எதிரே எட்டு. மெத்திலை நீக்கினால் காசிபெட்டின்!

ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று முதலாண்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்துபோகும் பாடம் இதுதான். பென்சீன் வளையத்தைப் பலகையில் வரைந்து தொடங்குவதை நான் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். வெங்காயச் சருகை ஆல்கஹாலில் காய்ச்சி வடிகட்டச் சொல்வேன். ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டதும் கரைசல் கரும்பச்சையாக மாறும். வளையத்தில் ஹைட்ராக்சில் ஒட்டியிருப்பதற்கு அது அடையாளம். பிறகுதான் பலகை. பருத்தி எடுத்துக் கூலி வாங்கிப் படிக்க வந்த பிள்ளைகள் அன்றைக்குக் கேள்வி கேட்காமல் போனதில்லை.

ஒருத்தி கேட்டாள்: "பூத்த மறுநாள் பருத்திப் பூ ஏன் சார் சிவக்குது?" ஆந்தோசயனின் சேர்வதால் என்றேன். சயனிடினிலிருந்து வரும் நிறம் அது. அந்தச் சயனிடினைச் சோதனைக்கூடத்தில் செயற்கையாக ஆக்கியவர்களில் சேஷாத்ரியின் குரு ராபின்சனும் ஒருவர். அதன் அமைப்பை வரைந்து காட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பை அதிலிருந்தே தொடங்கினோம்.