காட்டு விபத்தும் கணக்கேடும்

பாலக்காட்டினின்று பொள்ளாச்சிக்கு இரயிலேறிச் செல்லும் நம்மவர், கொல்லங்கோடு வந்ததும் தெற்கே மலைத்தொடரொன்று மதில்போல் எழுந்து நிற்பதைக் கண்டிருப்பர். 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன் இவ்வூர் சென்னை இராச்சியத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைக்கு அப்பாலுள்ள பரம்பிக்குளமோ முன்னாளில் கொச்சி சமஸ்தானத்துக் காடு. அதற்குக் கிழக்கே சென்னை அரசின் ஆனைமலைக் காடு. டாப்ஸ்லிப் என்னும் பெயரே, உச்சியினின்று கட்டைகளைச் சரியவிட்ட தொழிலின் எச்சமாகும். பரம்பிக்குளத்தினின்று சாலக்குடிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள டிராம் பாதை 1963 வரை கட்டைகளை இறக்கியது. செங்குத்தான சரிவுகளில் இறங்கும் பாரவண்டியின் எடையே வெறும் வண்டியை மேலே இழுத்தது. கயிறு அறுந்தால் என்னவாகும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

வனத்துறையார் கணக்கு வைப்பதில் சோம்பியவர் அல்லர். வெட்டிய மரம் எத்தனை கன அடி, வருவாய் எவ்வளவு, தீயில் வெந்த நிலம் எவ்வளவு என அனைத்தும் ஆண்டறிக்கையில் ஏறின. சென்னை வனத்துறையின் கட்டையிழுக்கும் யானைகளுக்குப் பிறப்பும் இறப்பும் பதிந்த ஏடுகள் இருந்தன. அவற்றைக்கொண்டு 1997இல் அறிஞர் இரா. சுகுமாரும் உடனாய்வாளரும் யானைகளின் ஆயுட்கணக்கையே ஆராய்ந்தனர். கூப்பில் கோடரி பிடித்தவன் கால் முறிந்ததை ஆராய இத்தகைய ஏட்டை எங்கே தேடுவது?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. மலையேறிக் கொச்சி எல்லைக்குள் கால்வைத்தால் செல்லாது. மரம் வெட்டுதலும், நீர்வழியே கட்டை கடத்தலும், காட்டுத்தீ அணைத்தலும் சட்டத்தின் அட்டவணையில் பின்னர் இடம்பெற்றன. ஆயினும் அறிவித்தல் பற்றிய பிரிவை நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும். உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தால் 7 நாளுக்குள் ஆணையருக்கு அறிக்கை அனுப்புக என்றது அது. ஆனால் யாருக்கு? வேறு சட்டமொன்றால் விபத்தை அறிவிக்க முன்பே கடமைப்பட்டவருக்கே! ஆலைக்கும் சுரங்கத்துக்கும் அத்தகைய சட்டம் உண்டு. ஆலையல்லாத திறந்த காட்டுக்கு அது தானாக வாராது. மாகாண அரசு தனி அறிவிப்பால் விரிவாக்கினாலன்றிக் கூப்பு வெளியே நின்றது.

இதன்மேல் ஒப்பந்த முறை வேறு. காட்டின் உரிமையாளர் ஒருவர், குத்தகையெடுத்தவர் ஒருவர், ஆள்கூட்டும் மேஸ்திரி ஒருவர். உள்ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதல் முதலாளியே பொறுப்பு என்று 12ஆம் பிரிவு விதித்தது உண்மையே. ஆனால் அன்று அவன் அந்தக் கூப்பில் வேலைசெய்தான் என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டுமல்லவா? கூலிப்பட்டியல் மேஸ்திரியின் மடியில். கண்டவர்கள் பருவம் முடிந்ததும் ஊர்திரும்பியவர்கள். எழுதப்படாத காயம் வழக்கில் இவ்வாறே வலுவிழக்கும்.

1998இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட வனத்தொழிற் பாதுகாப்பு நடைமுறைத் தொகுப்பு, விபத்தைப் பதிதல், அறிவித்தல், ஆராய்தல் ஆகியவற்றை ஒப்பந்தக்காரர் வரை நீட்டியது. அவ்வாண்டிலே பரம்பிக்குளத்து டிராம் பாதை மூடப்பட்டு 35 ஆண்டுகள் கடந்திருந்தன.